மூணு வரைக்கும்

எனக்கு மூணு வரைக்கும்தான் எண்ணத் தெரியும்.
பதினோரு வருஷமாகக் கோடு போட்ட சட்டையில்
உள்ளங்கையால் மெத்தையை அடித்து எண்ணுகிறேன்.
ஒண்ணு. ரெண்டு.
ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில்
சோணைமுத்து ஒரு தோளை மட்டும் தூக்குவான்.
அந்த அரை நொடிக்குத்தான்
வாடிப்பட்டியிலும் மேலூரிலும் டிக்கெட் கிழித்தோம்.

மறுபடி விழும்போது தூக்கமாட்டான்.
தோற்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.
நோட்டீஸில் அவன் பெயர் இடும்பன்,
எடை நூற்றிப் பதினெட்டு,
கழுத்தில் சைக்கிள் செயின்.
முன்வரிசைப் பிள்ளைகள்மேல் துப்பப்போவான்.
துப்புமுன் ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பான்,
நான் பாய்ந்து தடுக்க வேண்டும்.
ஒருநாளும் துப்பியதில்லை.

“ராப்புன்னா திட்டுறதுதானண்ணே,
நான் மைக்குல திட்டாத திட்டா?”
சீட்டெடுத்த நாற்பதாயிரம் சட்டைப்பையில் இருந்தது.
வேண்டாம் என்று சொல்ல நான் யார்,
எண்ணுகிறவன்.

கீழமாசி வீதியில் வத்தல் மண்டிக்கு மேலே மாடி.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இஜாஸ் என்றொரு பையன்,
அதுவரை அவன் பதிவு செய்தது
பழைய இரும்பு வாங்கும் வண்டிக்கு ஒரு குரல்,
ஒரு பல் டாக்டர், நாலைந்து காதுகுத்து.
“நாலு பீட்டுண்ணே. நாலுல முடிச்சு ஒண்ணுல பிடிங்க.”

சோணை ஒண்ணில் பிடிக்கவில்லை.
ரெண்டரையில் எழுந்தான்.
கடைசி நொடிவரை செத்துக் கிடக்கப் பழகிய உடம்பு
தாளத்திலும் அப்படியே கிடந்தது.
இஜாஸ் என்னை உள்ளே தள்ளினான்,
“நீங்க எண்ணுங்க, உங்களுக்குத்தான் கட்டுப்படுவாரு.”
எண்ணினேன். மூணில் நின்றுவிட்டேன்.
என் கை நாலுக்குப் போகவே இல்லை.

முப்பத்தோரு டேக்.
இருபதாவதில் கீழே மூட்டை இறக்கினார்கள்,
நெடி படியேறி வந்தது, மூவரும் தும்மினோம்.
அதில் சோணையின் ஒரு தும்மல் மட்டும்
கனகச்சிதமாய்த் தாளத்தில் விழுந்தது.
இஜாஸ் அதை அழிக்கவில்லை.

ஜிம் ரசீதின் பின்னால் அவனே எழுதிய வரிகள்:
“வைகத் தண்ணி வத்தும், எம்பேச்சு வத்தாது.
யானமலை படுத்திருக்கும், எம்முதுகு படுக்காது.”
ரெண்டாவது வரி வேண்டாம்டா என்றேன்.
ஏண்ணே என்றான். உண்மையாகவே கேட்டான்.
அந்த மாதம் மட்டும் ஆறு தடவை
நானே எண்ணியிருந்தேன்.

ஒத்தக்கடையில் ஆட்டத்துக்கு முன்னால் வெளியீடு.
இருட்டில், பின்னால், யானைமலை படுத்திருந்தது.
விளக்குத்தூணில் வாங்கிய வெள்ளி ஜாக்கெட்,
ராத்திரி எட்டரைக்குக் கறுப்புக் கண்ணாடி.
தண்ணி வத்தும் வரை ஒன்றுமில்லை.
முதுகு வந்ததும் ஒரு பொடியன் எழுந்து,
“போன வாரம் மேலூர்ல படுத்துச்சே!”

வசவு அவனுக்குச் சோறு.
செருப்பு வீசினால்கூட எடுத்து முத்தமிடுவான்.
சிரிப்பை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை.
ஐஸ்காரர் சிரித்தார். காவலுக்கு வந்த ஏட்டு சிரித்தார்.
பத்தாவது வரியில் மூச்சு தீர்ந்தது.
பாட்டு அவனில்லாமல் ஓடியது,
அந்தத் தும்மல் வந்தது, போனது.

அப்போது என்னைப் பார்த்தான்,
துப்புமுன் பார்க்கும் அதே பார்வை.
தடுக்க வேண்டும்.
எதை என்று தெரியாமல் கயிற்றைப் பிடித்து நின்றேன்.

ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஆட்டத்துக்கு வந்தான்.
மின்னல் மரியதாஸ் தோளுக்குமேல் தூக்கி அடித்தான்.
ஒப்பந்தப்படி அரை நொடி, ஒப்பந்தப்படி அடுத்த அடி.
நான் முழங்காலிட்டு மெத்தையை அறைந்தேன்.
ஒண்ணு.
ரெண்டு.
மூணு.
மணி அடித்துவிட்டார்கள்.
கண் மூடி, மல்லாந்து கிடந்தபடி,
எனக்கு மட்டும் கேட்கும்படி
“நாலு” என்றான்.

கை எழுந்துவிட்டது.
மெத்தைக்குக் கொண்டுபோகாமல்
சட்டையில் துடைத்துக்கொண்டேன்.